ஏற்காட்டில் மலையோட்டம்: தார் ரோட்டுக் கால்களுக்கு எந்தப் பாதை?

வணக்கமுங்க. ஈரோட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். தார் ரோட்டில் 21 கி.மீ. வரை ஓடிப் பழக்கம், ஜனவரியில் ஏற்காட்டில் மூன்று நாள் தங்கப் போகிறீர்கள், காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் ஓட ஆசை, நல்ல பாதைகளின் மேப் யாரிடமாவது இருந்தால் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி: போன வருடம் ஒரு மேம்பால இறக்கத்தில் ஓடும்போது வலது முட்டி வலித்தது, இப்போது சரியாகிவிட்டது என்று. எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். மலையில் ஓடியே பழகாத கால்களோடு, மூன்று நாளில், யாருடைய நிலத்திலும் அத்துமீறாமல், முட்டியையும் கெடுத்துக்கொள்ளாமல் ஏற்காட்டில் எங்கே எப்படி ஓடுவது? உங்கள் கேள்வியை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இதற்கு மேப் மட்டும் போதாது, அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

நான் சேலத்தில் பிசியோதெரபிஸ்ட். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பல வருடங்களாக ஓடுகிறேன். புதிதாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டும் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மலையில் உற்சாகமாக ஓடிவிட்டு, செவ்வாய்க்கிழமை படி இறங்க முடியாமல் என் முன்னால் வந்து உட்காருகிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த ஒற்றையடிப் பாதை ஆசை. ஏற்காட்டின் அமைப்பை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே இருப்பது ஏறி இறங்கும் மேட்டுநிலம்: ஏரி, ஊர், காப்பித் தோட்டங்கள், அறுபதுக்கும் மேற்பட்ட மலைக்கிராமங்கள். மேட்டுநிலத்தைச் சுற்றி நாலா பக்கமும் சமவெளிக்கு இறங்கும் சரிவுகளில்தான் பெரும்பாலும் ஒதுக்குக் காடு. ஆகவே படங்களில் பார்த்து நீங்கள் ஆசைப்படும் அடர்ந்த ஒற்றையடிப் பாதைகளில் பாதிக்கு மேல் அந்தச் சரிவுகளில் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைப்பது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஓட்டச் செயலிகளில் அந்தச் சரிவுகளின் மேலே சிவப்புக் கோடுகள் தெரியும். யாரோ ஒருவர் எப்போதோ கைக்கடிகாரத்தோடு அங்கே போயிருக்கிறார் என்பதற்கு மேல் அந்தக் கோட்டுக்கு மதிப்பில்லை.

இதை வெறும் சட்டக் கெடுபிடியாக எண்ணிவிடாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். மலையேற்றத்துக்கு மாநில அரசு தனி விதிகள் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். சேர்வராயன் மலையின் கீழ்ச்சரிவுகளும் அதே மாதிரியான காய்ந்த புல்லும் இலையுதிர் மரமும்தான். பிப்ரவரி தொடங்கினால் தீக்காலம். தீ சரிவில் கீழிருந்து மேலாக ஏறும்; ஏற்றத்தில் மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். எவ்வளவு நல்ல ஓட்டக்காரராக இருந்தாலும் அந்தப் போட்டியில் ஜெயிக்க முடியாது.

சட்டப்படி காட்டுப்பாதையில் போக வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தைத் தொடங்கி, மாநிலம் முழுக்க 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்யும்படி திறந்தது. சேலம் அடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூருக்கு ஏறும் பாதையும் அந்தப் பட்டியலில் உண்டு. உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். அது நடைப்பயணம், அங்கே ஓட விடமாட்டார்கள். விடாமல் இருப்பதே சரி. தீக்காலத்தில், பொதுவாக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, பாதைகளை மூடிவிடுவார்கள். நீங்கள் ஜனவரியில் வருவதால் அந்த இடைஞ்சல் இருக்காது. ஆனாலும் புறப்படும் வாரத்தில் அந்தத் தளத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்படியானால் ஓடுவதற்கு என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். நிறைய மிச்சம் இருக்கிறது. அதைத்தான் வெளியூர்க்காரர்கள் கண்டுகொள்வதில்லை. இந்த மலையில் இரண்டு வகைப் பாதைகள் உண்டு. ஒன்று, மலையாளிப் பழங்குடி மக்களின் பாதை. காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலையிலும், மற்ற இருவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினார்கள் என்பது அவர்கள் மரபுக்கதை. அவர்கள் பாதை ஊருக்கும் ஊருக்கும், ஊருக்கும் கோயிலுக்கும் நேர்கோடாகப் போகும். தலைச்சுமையோடு நடக்கிறவருக்குத் தூரம் குறைவதுதான் முக்கியம், சரிவு எவ்வளவு செங்குத்து என்பது இரண்டாம்பட்சம். இன்னொன்று, தோட்டக்காரர்கள் போட்டது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அவர் தொடங்கிய கிரேஞ்ச் எஸ்டேட்தான் இந்த மலையின் பழைய தோட்டம். அதன் பிறகு வந்த தோட்டங்களெல்லாம் குதிரையும் மாட்டுவண்டியும் போகும்படி, மலையின் இடுப்பைச் சுற்றி மெதுவாக ஏறும் பாதைகளை வெட்டின. இன்றைக்கும் எஸ்டேட் மண்ரோடுகளும் ஊர்களை இணைக்கும் குறுகிய தார் ரோடுகளும் பெரும்பாலும் அந்தச் சாய்வில்தான் போகின்றன. சில்வர் ஓக் நிழல், மிளகுக்கொடி, மிதமான ஏற்ற இறக்கம். தார் ரோட்டுக் கால்கள் மலையைப் பழக இதைவிடத் தோதான இடம் கொங்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் அழகுதான்; அது பழகிய கால்களுக்கான ரோடு.

இப்போது பாதைகள். நீங்கள் தவறவிடக்கூடாதது ஏரிக்கரையிலிருந்து சேர்வராயன் கோயிலுக்குப் போய்த் திரும்புவது. ஒருவழி ஐந்தாறு கிலோமீட்டர். முதல் பகுதி சாதாரண ஏற்ற இறக்கம், கடைசியில் நல்ல ஏற்றம். மேலே போனதும் மலை உச்சி என்று சொன்னால் நம்ப முடியாதபடி தட்டையான புல்வெளி விரியும். உயரம் 5,326 அடி, அதாவது 1,623 மீட்டர். சேர்வராயனும் காவேரி அம்மனும் குகைக்குள் இருக்கிறார்கள். மலை முழுக்க இருக்கும் ஊர்களுக்கு இதுதான் குலசாமிக் கோயில் மாதிரி. ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புங்கள். கோயில் முன்னால் தூரத்தைக் கூட்டுவதற்காக வட்டமடித்து ஓடாதீர்கள். உச்சியில் காற்று பலமாக வீசும். ஏறும்போது வேர்த்த பனியன் மேலே போனதும் உடம்பைச் சில்லென்று இறுக்கிவிடும். லேசான காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று இடுப்பில் கட்டியிருக்க வேண்டும்.

பகோடா பாயின்ட் பக்கம் போகும் ரோடு இன்னும் எளிது. கிழக்கு ஓரத்தில் போய் முடியும். கீழே காக்கம்பாடி ஊர் தெரியும். காலை வெயில் அந்தப் பக்கம் முதலில் விழுவதால் குளிர்காலத்தில் அங்கே ஓட இதமாக இருக்கும். லேடீஸ் சீட் பக்கம் மாலையில் நடந்து போகலாம், சேலம் விளக்குகள் தெரியும், ஆனால் சுற்றுலாக் கூட்டத்தில் ஓட முடியாது. கிளியூர் அருவி ஓட்டத்துக்கான இடமே இல்லை. படிகளும் ஈரப் பாறையும்தான். பாசி பிடித்த சார்னக்கைட் பாறையில் எந்த ஷூவும் நிற்காது. போக வேண்டுமென்றால் தனியாக ஒரு மதியம் நடந்து போங்கள்.

ஊர்களைச் சுற்றி வரும் லூப் ரோடு சுமார் 32 கி.மீ. ஏற்காட்டின் உண்மையான அழகு அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. கூட்டம் ஏரியோடு நின்றுவிடும். இந்த ரோட்டில் காப்பித் தோட்டமும் ஊர்களும் மட்டும்தான். ஆனால் முழுதாக ஓடுவதை இந்த முறை விட்டுவிடுங்கள். ஏரியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் போய், வந்த வழியே திரும்புங்கள். சுற்றுப்பாதையில் பாதி தாண்டிய பிறகு கால் மடங்கினால் எந்தப் பக்கம் போனாலும் அதே தூரம்தான். போய்த்திரும்பும் ஓட்டத்தில் எந்த நிமிடமும் திரும்பிவிடலாம். ஜனவரி காப்பிப் பறிப்புக் காலம். பிக்கப் வண்டிகளும் டிராக்டர்களும் வளைவுகளில் திடீரென்று வரும். வீட்டு வாசலிலும் ரோட்டோரத்திலும் காப்பி காயப்போட்டிருப்பார்கள். ஒரு கொட்டையைக்கூட மிதிக்காமல் சுற்றிப் போங்கள், அது அந்த வீட்டின் ஒரு வருட வருமானம்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பிரதான மலைப்பாதையைப் பற்றியும் கேட்பார்கள். இருபது கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். வார நாளில் விடியலுக்கு முன்பே தொடங்கினால் அருமையான ஏற்றப் பயிற்சி. சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுவதுதான் பொது விதி. ஆனால் உள்வளைவில் உங்களை ஓட்டுநரால் பார்க்க முடியாத இடங்களில் முன்கூட்டியே வெளிப்பக்கம் மாறிக்கொள்ள வேண்டும். ஏறி முடித்தால் பஸ்ஸில் இறங்குங்கள், ஓடி இறங்காதீர்கள். ஏன் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். உங்கள் முட்டிக்கான பதில் அதில் இருக்கிறது.

எல்லோரும் ஏற்றத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஏற்றம் மூச்சை வாங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஆனால் காலை உடைப்பதில்லை. பத்து சதவீத ஏற்றத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சமதரையைவிட ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும். மூச்சு முட்டினால் தானாகவே நடக்கத் தொடங்கிவிடுவீர்கள். உடம்பே தடுப்பு போடுகிறது. இறக்கத்தில் அந்தத் தடுப்பு கிடையாது. மூச்சு இலகுவாக இருக்கும், வேகம் கூடும், சந்தோஷமாக இருக்கும், அதே நேரத்தில் தொடையின் முன்தசை ஒவ்வொரு அடியிலும் நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும். தசை சுருங்கும்போது செய்யும் வேலையைவிட, நீண்டுகொண்டே தாங்கும்போதுதான் இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம். 9 டிகிரி இறக்கத்தில் ஓடும்போது தரை காலில் கொடுக்கும் அதிர்ச்சியின் உச்சம் சமதரையைவிட 54 சதவீதம் கூடியதை ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். அதே அளவு ஏற்றத்தில் அது குறைந்தது. வலி அன்றைக்கே தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் அப்படித்தான் வருகிறது.

நல்ல செய்தியும் இதில் உண்டு. ஒருமுறை அளவாக இறக்கத்தில் ஓடிவிட்டால், அதே தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த சேதத்தோடு தாங்கும். இது நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம். அதனால்தான் ஏற்காட்டுக்கு வருவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே உங்கள் பக்கத்திலேயே கால்களுக்கு அறிமுகம் செய்துவிடச் சொல்கிறேன். சென்னிமலை உங்களுக்கு வெகு அருகில் இருக்கிறது. 1,320 படிகள். ஏறும்போது நடந்து ஏறுங்கள். இறங்கும்போது வண்டிப்பாதையில் மெதுவோட்டமாக இறங்குங்கள். படியில் ஓடி இறங்க வேண்டாம், பக்தர்களுக்கும் இடைஞ்சல், கணுக்காலுக்கும் ஆபத்து. முதல் வாரம் ஒருமுறை, அடுத்த வாரம் இரண்டுமுறை. மாறுதலுக்குச் சங்ககிரிக் கோட்டைக்குப் போகலாம். கல்படிகளும் வாசல் வாசலாக ஏறும் மேடும் கணுக்காலுக்கு நல்ல பாடம். 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட மலை அது. அந்த நினைவோடு நடந்தே ஏறி இறங்குங்கள், அதுவே போதிய பயிற்சி.

இறங்கும் முறைக்கு மூன்று சொல்கிறேன். எட்டி வைக்காதீர்கள், அடியைச் சுருக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். வழக்கமாக நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் 170 வைத்தால் போதும். அடி எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்கால்மேல் விழும் சுமை கணிசமாகக் குறைகிறது என்பதில் ஆய்வுகளும் என் அனுபவமும் ஒத்துப்போகின்றன. பின்னால் சாய்ந்து குதிகாலால் பிரேக் போடாதீர்கள். உடம்பு சாலைக்குச் செங்குத்தாக இருக்கட்டும். கண் பாதத்தைப் பார்க்காமல் நான்கைந்து அடி முன்னால் பார்க்கட்டும். சில்வர் ஓக் சருகு ஒரு அடுக்காக விழுந்து கல்லையும் வேரையும் மூடி வைத்திருக்கும். சருகு தடிமனாகக் கிடக்கும் இடத்தில் நடங்கள்.

தூரக் கணக்கையும் மாற்றிக்கொள்ளுங்கள். மலையோட்டக்காரர்கள் பயன்படுத்தும் கணக்கு எளிது: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் கூடுதலாக ஒரு கிலோமீட்டராக எண்ணுவது. 10 கி.மீ. ஓட்டத்தில் மொத்தம் 300 மீட்டர் ஏறினால் அது 13 கி.மீ. உழைப்பு. கைக்கடிகாரம் காட்டும் ஏற்ற அளவை அப்படியே நம்பாதீர்கள். ஒரே பாதைக்கு இரண்டு கடிகாரம் இரண்டு அளவு காட்டும், காற்றழுத்தமானி இல்லாதவை மரநிழலில் இன்னும் தடுமாறும். மணிக்கணக்கில் திட்டமிடுவது நல்லது. உங்கள் வழக்கமான 10 கி.மீ. நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டி வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

காட்டெருமையைப் பற்றிச் சொல்லாமல் ஏற்காட்டுப் பாதையைப் பற்றி யாரும் எழுதக்கூடாது. சேர்வராயன் மலையில் யானைக்கூட்டப் பயம் கிடையாது. ஆனால் காட்டெருமைகள் எஸ்டேட்டுக்குள் சாதாரணமாக மேயும், விடியலிலும் அந்தியிலும் ரோட்டுக்கே வரும். காப்பிச் செடி ஆள் உயரம் இருப்பதால் பத்தடி தூரத்தில் நிற்பதுகூடத் தெரியாது. சத்தம் இல்லாமல் ஓடி வருகிறவர்தான் அதைத் திடுக்கிட வைப்பார். காதில் இயர்போன் வேண்டாம். வளைவுகளுக்கு முன் கையைத் தட்டுங்கள், பேசிக்கொண்டு போங்கள். பார்த்துவிட்டால் ஓட்டத்தை நிறுத்தி, முகத்தைத் திருப்பாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். படம் எடுக்க நெருங்காதீர்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும், தனியாக நிற்கும் கிடாவுக்கும் இன்னும் கூடுதல் தூரம் கொடுங்கள். நகரும்வரை காத்திருங்கள், நகராவிட்டால் வந்த வழியே திரும்புங்கள். எதிரே வரும் தோட்டத் தொழிலாளி “அந்தப் பக்கம் போகாதீங்க, மாடு நிக்குது” என்று சொன்னால் அன்றைய பாதை அதோடு முடிந்தது. அவர்களைவிட அந்த மலையைப் படித்தவர்கள் யாரும் இல்லை.

எஸ்டேட் மண்ரோடுகள் தனியார் நிலம். வாசலில் இருக்கும் காவக்காரரிடமோ மேஸ்திரியிடமோ நின்று கேட்டால் பல இடங்களில் விடுவார்கள். “காலையில ஓடறதுக்குங்க, இந்த ரோட்டோட போயி திரும்பிருவேன்” என்று எந்த வழியாகப் போவீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் தேடி வருபவர்களும் அவர்கள்தான். விடமாட்டேன் என்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். மருந்து அடித்த நாளாக இருக்கும், பறிப்பு நடக்கும், மாடு இறங்கியிருக்கும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

ஜனவரி விடியலில் பனிமூட்டம் அடர்த்தியாக இருக்கும், வெப்பம் 12, 13 டிகிரிக்கு இறங்கும். தலையில் கட்டும் விளக்கின் ஒளி மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். விளக்கை இடுப்பு உயரத்தில் கையில் பிடித்தால் தரை தெரியும். அதைவிட நல்லது, முழுதாக விடிந்த பிறகு, ஆறேமுக்கால், ஏழு மணிக்குப் புறப்படுவது. குளிரில் தாகம் எடுக்காது என்றாலும் அரை லிட்டர் தண்ணீர் இடுப்பில் இருக்கட்டும். தாகத்துக்குக் குடித்தால் போதும். பயந்துபோய் லிட்டர் லிட்டராகக் குடிப்பது இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து வேறு ஆபத்தைக் கொண்டுவரும். சில வளைவுகளில் போன் எடுக்காது. 108 எண்ணும் தங்கும் இடத்தின் எண்ணும் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். அசையாமல் உட்கார்ந்து வண்டி வரவழைத்து மருத்துவமனை போவது ஒன்றே வழி.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றுக்குத்தான் ஆட்கள் பணம் செலவழிக்கிறார்கள். ‘மலையில் மூன்று நாள் ஓடினால் இரத்த அணு கூடி, கீழே வந்ததும் வேகம் கூடும்’ என்று சொல்வார்கள். உயரப் பயிற்சி வேலை செய்வது பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேல், அதுவும் வாரக்கணக்கில் தங்கினால்தான். ஏற்காட்டின் உயரத்தில், மூன்று நாளில், அந்தப் பலனை எதிர்பார்க்க ஆதாரம் இல்லை. முட்டியில் மாட்டும் உறை சிலருக்கு வலியைக் குறைக்கிறது. காயத்தைத் தடுக்கிறதா என்பதில் சான்று பலவீனம். டிரெயில் ஷூ பிடிமானம் தரும். கணுக்கால் சுளுக்கைக் குறைக்கும் என்று நிரூபணம் இல்லை. உங்கள் பாதையில் தாரும் செம்மண்ணும் கலந்து வருவதால் அடிப்பாகத்தில் மூன்று, நான்கு மி.மீ. பல் உள்ள ஷூ போதும், ஆழமான பல் தாரில் தேய்ந்து வீணாகும். புதிதாக வாங்க வசதி இல்லாவிட்டால் தேயாத ரோடு ஷூவே ஜனவரிக்குச் சமாளிக்கும். ஓடி முடித்ததும் தசையை இழுத்து நீட்டுவது சுகமாக இருக்கும், செய்யுங்கள்; அடுத்த நாள் வலியை அது குறைப்பதில்லை. ஒற்றைக்காலில் நிற்கும் சமநிலைப் பயிற்சியைப் பற்றி மட்டும் தயக்கமின்றிச் சொல்வேன்: முன்பு சுளுக்கு வந்தவர்களுக்கு மறுபடி வராமல் அது தடுக்கிறது. பல் தேய்க்கும்போது ஒரு நிமிடம் இந்தக் கால், ஒரு நிமிடம் அந்தக் கால்.

மழையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் பலமாகப் பெய்தால் மலைப்பாதையில் மண்சரிவு வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அப்படி ஆகிப் போக்குவரத்தே நின்றது. அடிவாரப் பாதை மூடினால் குப்பனூர், கொட்டச்சேடு வழி இன்னொரு பாதை உண்டு, அதுவும் மூடப்படலாம். நனைந்த சரிவு, மழை நின்ற பிறகும் சில நாள் நம்பத்தகுந்ததாக இருக்காது. அப்படிப்பட்ட வாரமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

உங்கள் மூன்று நாளை நானாக இருந்தால் இப்படி அமைப்பேன். வந்த அன்று மாலை ஏரியைச் சுற்றி மெதுவாக நான்கைந்து கிலோமீட்டர், இடத்தைப் பழக. இரண்டாம் நாள் காலை சேர்வராயன் கோயில்: ஏற்றம் முழுக்க நடை, சமதளத்தில் ஓட்டம், இறக்கத்தில் சின்ன அடி. அன்று மதியம் ஓய்வு. உடம்பு ஒத்துழைத்தால் ஊருக்குள் இருக்கும் ஹோலி டிரினிட்டி சர்ச் வரை நடந்து போங்கள். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த ராபர்ட் புரூஸ் ஃபுட் ஓய்வுக்காலத்தை ஏற்காட்டில்தான் கழித்தார். அவருடைய நினைவுப் பலகை அங்கே இருக்கிறது. நீங்கள் ஓடிவந்த பாறையையும் மண்ணையும் படித்த மனிதர். மூன்றாம் நாள் தொடையில் வலி இருந்தால் பகோடா பாயின்ட்டுக்கு நடை மட்டும். வலி இல்லாவிட்டால் லூப் ரோட்டில் நான் சொன்னபடி போய்த்திரும்புங்கள். இரண்டாம் நாள் நன்றாகப் போனது என்பதற்காக மூன்றாம் நாள் 32 கி.மீ. முழுதும் எடுக்க வேண்டாம். அப்போது தசை ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும், வலி மட்டும்தான் இன்னும் வந்து சேரவில்லை.

கடைசியாக முட்டி. இறக்கத்தில் முட்டிச்சில்லைச் சுற்றி முன்பக்கம் வரும் வலிக்கு மேலே சொன்னவையெல்லாம் பொருந்தும். முட்டியின் வெளிப்பக்கம், குறிப்பிட்ட தூரம் ஓடிய பிறகே சுருக்கென்று பிடிக்கும் வலி என்றால் அது வேறு வகை, இறக்கத்தில் அதுதான் இன்னும் மோசமாகும். வீக்கம், முட்டி பூட்டிக்கொள்வது, மடங்கி விழப் பார்ப்பது, இரவில் எழுப்பும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஏற்காட்டுக்கு முன் நேரில் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். எழுத்தில் படித்து முட்டியைச் சோதிக்க என்னால் முடியாது. இல்லையென்றால், வலி எந்த இடத்தில், எத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு தொடங்கியது, எத்தனை நாள் இருந்தது என்று எழுதுங்கள். சென்னிமலையில் முதல் வாரம் எவ்வளவு இறங்கலாம் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.